ரொட்டியில் பூத்த ஆரஞ்சுப் பூஞ்சை மரபியலை மாற்றியது எப்படி? பெர்னார்ட் டாட்ஜின் பணி: ஒரு விளக்கம்

2024 ஆகஸ்டில் ஒரு செய்தி பரவலாகப் பகிரப்பட்டது. உணவுத் தொழிலில் மிஞ்சும் சக்கையையும் பிண்ணாக்கையும் ஒன்றரை நாளில் சாப்பிடக்கூடிய உணவாக மாற்றும் ஆரஞ்சு நிறப் பூஞ்சை பற்றிய செய்தி அது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள், இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நெடுங்காலமாகச் செய்யப்படும் ஒன்சோம் என்ற உணவை ஆராய்ந்து இதை எழுதியிருந்தார்கள். அந்தப் பூஞ்சையின் பெயர் நியூரோஸ்போரா.

படித்தவர்களுக்கு இரண்டு குழப்பங்கள். பூசணம் பூத்தால் தூக்கிப் போடு என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள், இதை மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்பது ஒன்று. இதே நியூரோஸ்போராவை நோபல் பரிசு பெற்றுத் தந்த பூஞ்சை என்றும் சொல்கிறார்களே, சமையலறைப் பூஞ்சைக்கும் நோபலுக்கும் என்ன சம்பந்தம் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் அதிகம். அதற்குப் பதில் தேடினால் பெர்னார்ட் ஓகில்வி டாட்ஜ் என்ற தாவரவியலாளரிடம் போய் நிற்போம். மரபியல் பாடப்புத்தகங்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமில்லை.

முதலில், இது எந்தப் பூஞ்சை?

நம் வீட்டு ரொட்டியில் வெள்ளையாகவும் கறுப்பாகவும் பச்சையாகவும் வருவது பெரும்பாலும் வேறு இனங்கள். அவற்றில் சில நச்சுப் பொருள்களை உண்டாக்கும். ஆகவே பூசணம் பூத்த ரொட்டியைத் தூக்கிப் போடச் சொன்ன அறிவுரை அப்படியே செல்லும். நிறம் ஆரஞ்சாக இருந்தாலும் அதே அறிவுரைதான். ஒன்சோம் என்பது தெரிந்த பூஞ்சையின் வித்துகளைத் தெரிந்த பொருளில் தூவி, கவனித்து வளர்த்துச் செய்வது. ரொட்டியில் தானாக வந்ததும் அதுவும் ஒன்றல்ல.

நியூரோஸ்போரா பேக்கரிக்காரர்களுக்குப் பழைய எதிரி. 1842 கோடையில் பாரிஸில் ராணுவத்துக்கு ரொட்டி சுட்ட அடுப்படிகளில் ஆரஞ்சு நிறப் பொடி கிளம்பி ரொட்டிகளையெல்லாம் பாழாக்கியது. பிரெஞ்சு அரசு இதற்காகவே ஒரு குழு அமைத்து விசாரித்தது. இந்தப் பூஞ்சையின் வித்து நல்ல சூட்டையும் தாங்குகிறது என்று அப்போதே கவனித்திருந்தார்கள். அந்தச் சூட்டின் முக்கியத்துவம் புரிய இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பூஞ்சை தாவரமே இல்லையே, அதைப் படித்தவர் எப்படித் தாவரவியலாளர் ஆனார் என்று கேட்கலாம். பூஞ்சைகளைத் தனி உலகமாகப் பிரித்தது பிற்காலத்தில்தான். டாட்ஜ் காலத்தில் அவை தாவரவியல் துறையிலேயே இருந்தன. இன்றும் பூஞ்சைகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதித்தொகுப்பு தாவரங்களுக்கும் அவற்றுக்கும் பொதுவானதுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆய்வகத்துக்கு

டாட்ஜ் பிறந்தது 1872இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாஸ்டன் என்ற ஊரில். விவசாயக் குடும்பம். பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, இடையிடையே படித்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 37. மற்றவர்கள் பேராசிரியர் ஆகும் வயது அது. அப்புறம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர். ஏ. ஹார்ப்பர் என்ற பூஞ்சையியலாளரிடம் சேர்ந்து 1912இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவர் ஆராய்ந்தது சாணத்தில் வளரும் ஆஸ்கோபோலஸ் என்ற சிறு பூஞ்சை. இதன் வித்துகள் ஆய்வகத் தட்டில் சும்மா போட்டால் முளைக்காது. சூடுபடுத்தினால் முளைக்கும் என்று டாட்ஜ் கண்டார். கேட்பதற்குச் சாதாரணச் செய்தி. ஆனால் பதினைந்து ஆண்டு கழித்து அவருக்குக் கைகொடுத்தது இந்த அறிவுதான்.

1920இல் அமெரிக்க வேளாண் துறையில் பழச்செடி நோய்களைப் பார்க்கும் வேலைக்குப் போனார். 1928இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவுக்கு வந்து 1947 வரை அங்கேயே இருந்தார். அவருடைய அலுவல் பணி பூங்காவின் செடிகளுக்கு வரும் நோய்களைக் கவனிப்பது, ரோஜாவின் நோய்கள் உட்பட. பூஞ்சை மரபியலை இந்த வேலையோடு சேர்த்துத்தான் செய்துவந்தார்.

1927இல் தெரிந்தவை

வேளாண் துறையில் இருந்தபோது, சி. எல். ஷியர் என்பவரோடு சேர்ந்து டாட்ஜ் 1927இல் ஒரு நீண்ட ஆய்வுரை வெளியிட்டார். நியூரோஸ்போரா என்ற பெயரே அதில்தான் பிறந்தது. வித்தின் மேல் நரம்பு ஓடியதுபோல் வரிகள் இருப்பதால் வந்த பெயர் அது. அதுவரை இந்த ஆரஞ்சுப் பூஞ்சை இனச்சேர்க்கை இல்லாமல் உண்டாக்கும் பொடி வித்துகளை மட்டுமே எல்லோரும் பார்த்திருந்தார்கள். இருவரும் அதன் முழு வாழ்க்கைச் சுற்றையும் வெளிக்கொண்டு வந்தார்கள். புரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

1. இரண்டு இனச்சேர்க்கை வகைகள் உண்டு. நியூரோஸ்போரா கிராஸா என்ற இனத்தில் எந்த ஒரு பூஞ்சையை எடுத்தாலும் அது பெரிய ஏ (A) வகையாகவோ சின்ன ஏ (a) வகையாகவோ இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் தெரியும். ஒரே வகையை ஆண்டுக்கணக்கில் வளர்த்தாலும் அதில் பால்வழி வித்து வராது. எதிர் வகையோடு சேர்த்தால் சில வாரங்களுக்குள் கறுப்புக் குடுவைகள் தோன்றி, உள்ளே வித்துப்பைகள் நிரம்பும்.

2. வித்து முளைக்கச் சூடு வேண்டும். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால், உறங்கிக் கிடந்த வித்துகள் விழிக்கின்றன. கூடவே இருக்கும் ஆரஞ்சுப் பொடி வித்துகள் அந்தச் சூட்டில் செத்துவிடுகின்றன. ஆகவே முளைப்பது எல்லாம் கலப்பில் பிறந்த பிள்ளைகள்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

3. ஒவ்வொரு வித்துப்பையிலும் எட்டு வித்துகள், பட்டாணிக் காய்க்குள் பட்டாணி மாதிரி, ஒரே வரிசையில்.

மூன்றாவது உண்மை மற்ற இரண்டையும்விடப் பெரியது. அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

எட்டு வித்துகள், ஒரே வரிசை

மரபியலில் அடிப்படைக் கேள்வி இதுதான்: பெற்றோர் இருவரின் மரபணுக்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிகின்றன? பிரியும் இடம் குன்றல் பகுப்பு. இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்ட ஒரு செல், இரண்டு முறை பிரிந்து, ஒற்றைத் தொகுதி கொண்ட நான்கு செல்களாகிறது. மனிதரிலும் பழ ஈயிலும் இந்த நான்கில் எது எங்கே போகிறது என்று பின்தொடர முடியாது. லட்சக்கணக்கான விந்துகளில் ஒன்று, பல முட்டைகளில் ஒன்று, இரண்டும் தற்செயலாகச் சேர்கின்றன. பிள்ளைகளை எண்ணி, விகிதம் பார்த்து, உள்ளே நடந்ததை ஊகிக்க வேண்டும். மெண்டல் பட்டாணியில் செய்தது அதைத்தான்.

நியூரோஸ்போராவில் ஊகம் தேவையில்லை. வித்துப்பை மிகக் குறுகலானது. உள்ளே பிரியும் உட்கருக்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக இடமில்லை. முதல் பகுப்பில் இரண்டாகி ஆளுக்கொரு பாதியில் நிற்கின்றன. இரண்டாம் பகுப்பில் நான்காகின்றன. பிறகு சாதாரணப் பகுப்பு ஒன்று நடந்து, ஒவ்வொன்றும் தன் நகலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. நான்கு ஜோடி, மொத்தம் எட்டு. வித்துகள் நிற்கும் வரிசையே பகுப்பு நடந்த வரிசை.

இப்போது ஒரு நுண்ணோக்கியின் கீழ், கூரிய ஊசியால், எட்டு வித்துகளையும் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்து, எட்டுக் குழாய்களில் போட்டுச் சூடுபடுத்தி வளர்க்கலாம். எண்ணிக்கை அதிகமில்லை, ஆனால் ஒரு பிள்ளைகூடக் கணக்கிலிருந்து தப்பாது. முடிவு இரண்டு விதமாக வரும்:

1. முதல் நான்கு வித்து ஒரு வகை, அடுத்த நான்கு மறுவகை. அப்படியானால் அந்த மரபணுவின் இரண்டு வடிவங்களும் முதல் பகுப்பிலேயே பிரிந்துவிட்டன.

2. இரண்டு இரண்டாக மாறி மாறி வருகிறது, அல்லது இரண்டு, நான்கு, இரண்டு என்று வருகிறது. அப்படியானால் பிரிவு இரண்டாம் பகுப்பில்தான் நடந்தது.

இரண்டாவது விதம் ஏன் வருகிறது? 1930 வாக்கில் டாட்ஜ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இது பற்றிப் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்த ஆய்வு மாணவர்களில் ஒருவர் ஜார்ஜ் பீடில். குரோமோசோம் இரட்டித்து நான்கு இழைகளாக நிற்கும் நிலையில், மரபணுவுக்கும் குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியருக்கும் நடுவே குறுக்கேற்றம், அதாவது இழைகள் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடந்தால் இப்படித்தான் வரும் என்று அந்த மாணவர்கள் விடை சொன்னார்கள். பழ ஈயில் கிடைத்திருந்த சான்றோடும் அது பொருந்தியது.

இதிலிருந்து ஒரு நேரடிக் கணக்கும் வருகிறது. நூறு வித்துப்பைகளைப் பிரித்துப் பார்த்து, அதில் 14இல் இரண்டாம் விதம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஒவ்வொரு பையிலும் இழைகளில் பாதிதான் மாற்றிக்கொண்டவை. ஆகவே மரபணு சென்ட்ரோமியரிலிருந்து 7 அலகு தூரத்தில் இருக்கிறது. பிற உயிரிகளில் சென்ட்ரோமியரின் இடத்தை வரைபடத்தில் குறிப்பதே பெரும்பாடு. இங்கே எண்ணத் தெரிந்தால் போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தப் பூஞ்சை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஒற்றைக் குரோமோசோம் தொகுதியோடு கழிக்கிறது. நம்மிடம் ஒரு மரபணு பழுதானாலும் மற்ற நகல் அதை மறைத்துவிடும். இதில் மறைக்க இன்னொரு நகல் கிடையாது. பழுது உடனே வெளியே தெரியும்.

மார்கனிடம் ஒரு வாதம்

கொலம்பியாவில் பழ ஈயை வைத்து மரபியலையே உருவாக்கிக்கொண்டிருந்தவர் தாமஸ் ஹண்ட் மார்கன். டாட்ஜ் அவரைச் சந்திக்கும்போதெல்லாம் உங்கள் ஈயைவிட என் பூஞ்சை சிறந்தது என்று வற்புறுத்துவார். 1928இல் மார்கன் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போனபோது டாட்ஜ் கொடுத்த பூஞ்சைகளையும் எடுத்துப் போனார். கார்ல் லிண்டெக்ரன் என்ற மாணவர் கையில் அவை சேர்ந்தன. நியூரோஸ்போராவின் முதல் குரோமோசோம் வரைபடங்களை உருவாக்கியவர் அவர்.

ஒரு ஆய்வாளர் தான் கண்டெடுத்த உயிரியைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், அதைவிட நன்றாகப் பயன்படுத்தக்கூடியவரிடம் பலமுறை போய் எடுத்துக்கொள்ளச் சொல்வது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். டாட்ஜின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

299ஆம் வித்து

பீடில் பிற்பாடு பழ ஈயின் கண் நிறத்தை வைத்து, மரபணு எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றார். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் நகர்வது கஷ்டமாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் டேட்டம் என்ற உயிர்வேதியியலாளரோடு வேலை பார்த்தபோது கேள்வியைத் திருப்பிப் போட்டார். தெரிந்த மரபணுவின் வேதிவினையைத் தேடுவதற்குப் பதில், தெரிந்த வேதிவினையைக் கெடுக்கும் மரபணுவைத் தேடினால் என்ன? அதற்கு எளிய உணவில் வளரும் உயிரி வேண்டும். டாட்ஜின் பூஞ்சை ஞாபகத்துக்கு வந்தது. சர்க்கரை, சில உப்புகள், பயோட்டின் என்ற ஒரே ஒரு வைட்டமின் கொடுத்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் அதுவே தயாரித்துக்கொள்ளும். இந்தப் பயோட்டின் தேவையைப் பற்றி டாட்ஜும் அவருடைய பூங்காத் தோழர்களும் 1941இல் எழுதியிருக்கிறார்கள்.

சோதனை நடந்த விதம் இது:

1. பூஞ்சையின் பொடி வித்துகள்மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி மரபணுக்களில் சடுதி மாற்றங்களை உண்டாக்கினார்கள்.

2. அவற்றை எதிர் வகைப் பூஞ்சையோடு கலப்பு செய்தார்கள்.

3. பிறந்த வித்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாச் சத்தும் நிறைந்த உணவில் தனித்தனியே வளர்த்தார்கள்.

4. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து எளிய உணவில் போட்டுப் பார்த்தார்கள். நிறைந்த உணவில் வளர்ந்து எளிய உணவில் வளராதது எதுவோ, அது ஏதோ ஒரு பொருளைத் தயாரிக்கும் திறனை இழந்திருக்கிறது.

5. எளிய உணவோடு ஒரு வைட்டமின், ஒரு அமினோ அமிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்தால் வளர்கிறது என்று தேடினார்கள்.

முதல் 298 வித்துகளில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. 299ஆம் வித்து எளிய உணவில் வளரவில்லை. வைட்டமின் பி6 சேர்த்ததும் வளர்ந்தது. அதை இயல்பான பூஞ்சையோடு கலந்து வித்துப்பையைப் பிரித்தால், பாதி வித்துக்கு அந்தக் குறை, பாதிக்கு இல்லை. ஒரே ஒரு மரபணு பழுது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1941இல் முடிவுகள் வெளிவந்தன. ஒரு மரபணுவுக்கு ஒரு நொதி என்ற கருத்து வளர்ந்தது இதிலிருந்துதான்.

ஒரு மரபணுவுக்கு ஒரு நொதி என்றால் என்ன?

செல்லுக்குள் ஒரு பொருள் ஒரே தாவலில் உருவாவதில்லை. படிப்படியாக மாறுகிறது, ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகிறது. ஏட்ரியன் ஸ்ரப், நார்மன் ஹோரோவிட்ஸ் இருவரும் 1944இல் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை வைத்து இதைக் காட்டினார்கள். பாதை இப்படிப் போகிறது: முன்பொருளிலிருந்து ஆர்னிதின், அதிலிருந்து சிட்ருலின், அதிலிருந்து ஆர்ஜினின்.

ஆர்ஜினின் தயாரிக்க முடியாத பூஞ்சைகள் மூன்று விதமாகப் பிரிந்தன. சிலவற்றுக்கு ஆர்னிதின் கொடுத்தாலே போதும். சிலவற்றுக்குச் சிட்ருலின் கொடுத்தால் போதும், ஆர்னிதின் பலிக்காது. கடைசிக் கூட்டத்துக்கு ஆர்ஜினினையே கொடுத்தாக வேண்டும். எந்தப் படியில் பாலம் உடைந்திருக்கிறதோ, அதற்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டால் மிச்சத் தூரத்தைப் பூஞ்சையே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு உடைப்புக்கும் பின்னால் தனித்தனி மரபணுக்கள்.

மனிதரில் சில பரம்பரை நோய்கள் இதே மாதிரியான உடைப்புகள் என்று ஆங்கில மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். பெரும்பாலோர் காதில் அது விழவில்லை. பூஞ்சை அதை நிரூபித்துக் காட்டியது. இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வளர்சிதை மாற்றக் குறைகளைத் தேடுவது நிற்கும் அடித்தளம் இந்தக் கருத்துதான்.

பின்னால் கருத்தில் திருத்தங்கள் வந்தன. எல்லாப் புரதமும் நொதியல்ல. ஒரு நொதிக்குப் பல புரதச் சங்கிலிகள் இருக்கலாம். ஒரே மரபணுவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களும் வரலாம். ஆனாலும் மரபணு என்பது ஒரு வேதிக் கட்டளை என்ற எண்ணம் உறுதியானது இங்கேதான். டேட்டம் இதே முறையைப் பாக்டீரியாவுக்குக் கொண்டுபோனார். ஜோஷுவா லெடர்பெர்க் அதைப் பயன்படுத்தி, பாக்டீரியாக்களும் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று 1946இல் காட்டினார். 1958இல் பீடில், டேட்டம், லெடர்பெர்க் மூவரும் மருத்துவ நோபல் பெற்றார்கள். தன் நோபல் உரையில் பீடில் டாட்ஜைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். டாட்ஜுக்கு அப்போது 86 வயது.

டாட்ஜ் விடாமல் பிடித்திருந்த இன்னொரு இனம்

மற்றவர்கள் கிராஸா இனத்தோடு ஓட, டாட்ஜுக்குப் பிடித்தது டெட்ராஸ்பெர்மா. அதன் வித்துப்பையில் எட்டுக்குப் பதில் நான்கு பெரிய வித்துகள். ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் வகை உட்கருக்கள் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே ஒரே வித்திலிருந்து வளர்ந்த பூஞ்சை துணையில்லாமல் வாழ்க்கைச் சுற்றை முடித்துவிடும். இதை அவர் 1927லேயே பிரித்துக் காட்டினார்.

ஒரே இழைக்குள் வெவ்வேறு மரபுடைய உட்கருக்கள் கூடிக் குடியிருக்கும் இந்த நிலையில், கூட்டுக் குடித்தனம் தனியாக இருப்பதைவிட வேகமாக வளர்வதையும் 1942இல் விவரித்தார். ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுக்கிறது. செடிகளைத் தாக்கும் பூஞ்சைகள் எப்படிப் புதுப் புது வடிவம் எடுக்கின்றன என்று ஆராய்பவர்கள் இன்றும் இந்த இடத்துக்கு வந்துபோகிறார்கள். நோய்ச்செடிகளோடு தினமும் புழங்கியவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

கரும்பு வயல், நெருப்பு, ஒன்சோம்

சூடுபட்டால்தான் முளைக்கும் வித்து இயற்கையில் எப்படிப் பிழைக்கிறது? நெருப்பை எதிர்பார்த்துக்கொண்டு. காடு எரிந்த பிறகு, கரும்புத் தோகையைக் கொளுத்திய பிறகு, கருகிய அடிக்கட்டைகளில் சில நாளில் ஆரஞ்சு நிறம் கிளம்பும். 1923இல் டோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது கருகிய மரங்களிலும் இது பூத்தது. கிராஸா இனமே ஆய்வகத்துக்கு வந்தது லூசியானாவின் கரும்புச் சக்கையிலிருந்துதான்.

இந்தியாவிலும் இதற்கு அருமையான பதிவு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ரமேஷ் மகேஸ்வரி, கர்நாடகக் கரும்பு வயலில் நியூரோஸ்போரா இன்டர்மீடியா எப்படி வாழ்கிறது என்று சக ஆய்வாளரோடு தொடர்ந்து கவனித்து 1996இல் எழுதினார். தீ மண்ணில் கிடக்கும் வித்துகளை எழுப்புகிறது, போட்டிக்கு வரும் மற்ற நுண்ணுயிர்களைக் குறைக்கிறது, வெந்த கரும்பின் சர்க்கரையைத் திறந்துவிடுகிறது. முதலில் வருபவருக்கே சாப்பாடு.

மேற்கு ஜாவாவில் டோஃபு செய்து மிஞ்சும் சோயாச் சக்கையைச் சிவப்பு ஒன்சோமாக மாற்றுவது இதே இன்டர்மீடியா இனம். 2024 ஆய்வு அதன் மரபணுத் தொகுதியைப் பார்த்து, மனிதர் விட்டுவைக்கும் கழிவில் வளரப் பழகிய கிளை காட்டுக் கிளையிலிருந்து பிரிந்து நிற்பதைக் காட்டியது. சுமார் 30 வகைத் தாவரக் கழிவுகளில் அது வளர்ந்தது. தெரிந்த பூஞ்சை நச்சுகளை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் காணப்படவில்லை. இப்படித் துணிந்து ஒப்பிட முடிவதற்குக் காரணம், கிராஸாவின் முழு மரபணுத் தொகுதி 2003லேயே வாசிக்கப்பட்டிருந்ததுதான்: ஏறக்குறைய 4 கோடி எழுத்துகள், சுமார் 10,000 மரபணுக்கள், ஏழு குரோமோசோம்கள். அந்த ஏழு குரோமோசோம்களையும் கண்ணால் பார்த்து எண்ணிக் கொடுத்தவர் மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக். 1944இல் பீடிலின் அழைப்பில் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து சில வாரங்களில் அதை முடித்தார்.

டாட்ஜ் 1960 ஆகஸ்டில் காலமானார். பூஞ்சை மரபியல் வகைகளைச் சேமித்து வைக்கும் மையம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். ஆயிரக்கணக்கான நியூரோஸ்போரா வகைகள் அங்கே உறைநிலையில் இருக்கின்றன. கேட்கும் ஆய்வகங்களுக்கு அவை அனுப்பி வைக்கப்படுகின்றன.